தெரிந்த எடை

ஜூலை 6, 1998, திங்கள்

டாக்டர் எஸ்தர் சொன்னதால் இந்த நோட்டு. மாமாவின் எடையைத் தினமும் காலையில், வெறும் வயிற்றில், ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். இதயம் தளர்ந்துவிட்டதால் உடம்பில் நீர் சேர்கிறதாம். ஒரு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். உடனே அவருக்குப் போன் செய்ய வேண்டும்.

எடை பார்க்க என்னைவிடத் தோதான ஆள் இந்தத் தென்காசியில் கிடைக்கமாட்டான். இருபத்தெட்டு வருஷமாக முத்திரை ஆய்வாளர் உத்தியோகம். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவது, தப்பான கல் வைத்திருப்பவன் மேல் வழக்கு எழுதுவது. பஜாரில் என் தலையைக் கண்டாலே தராசுத் தட்டுகள் தாமாகவே நேராகிவிடும் என்று கேலி செய்வார்கள்.

மாமா என்றால் என் மனைவி உலகம்மாளின் அப்பா. காந்திமதிநாதன், வயது எழுபத்தெட்டு, அரசாங்க ஆஸ்பத்திரிக் கம்பவுண்டராக இருந்து 1978-இல் ஓய்வு பெற்றவர். அத்தை காலமான பிறகு பதினோரு வருஷமாக எங்களோடுதான் இருக்கிறார். அந்தப் பதினோரு வருஷத்தில் நானும் அவரும் நேருக்கு நேர் பேசியதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். எங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு உலகு பேசினாள்.

ஜூன் ஒன்பதாம் தேதி உலகு போய்விட்டாள். பதினாறாம் நாள் விசேஷத்தன்று மாமாவுக்கு மூச்சு முட்டியது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து இன்றுதான் கூட்டி வந்தேன். அதைப் பற்றியெல்லாம் இங்கே எழுதுவதாக இல்லை. இது எடை நோட்டு.

பெங்களூரிலிருந்து குத்தாலம் போன் செய்தான். உலகுவின் தம்பி. "அத்தான், பிள்ளையா குட்டியா, நீங்க ஒத்தையில இருந்துக்கிட்டு அப்பாவ எப்படிப் பாப்பீங்க? நான் கூட்டிட்டு வந்திருதேன்" என்றான். நான் பார்த்துக்கொள்வேன் என்றேன். அவன் விடவில்லை, நானும் விடவில்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். இந்த மாதம் முழுக்க மாமாவின் எடை ஏறாமல், மறுபடி ஆஸ்பத்திரி போகாமல் நான் வைத்திருந்தால் அவர் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் அவன் வந்து கூட்டிப் போய்விடுவான். மாமா போய்விட்டால் இந்த வீட்டில் நானும் மிக்ஸியும்தான்.

வெல்லமண்டியில் கழித்துப் போட்டிருந்த பிளாட்பாரத் தராசை வாங்கி, தண்டைத் தாங்கும் கத்திமுனைகளைத் தேய்த்துச் சரிசெய்து, அலுவலகப் படிக்கற்களை வைத்துச் சோதித்து, முன்கூடத்தில் நிறுத்தியிருக்கிறேன். நூறு கிராம் வரை துல்லியம். மாமா 61.2 கிலோ.

ஜூலை 7, செவ்வாய்

மாமா மாத்திரை போட மறுத்துவிட்டார்.

"இது என்ன அளவு மாப்ள?"

"நாப்பது மில்லிகிராம், மாமா."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் படிச்சது கிரெயின், டிராம். கிரெயின்ல எவ்வளவுன்னு சொல்லுங்க. அளவு தெரியாத மருந்த நான் யாருக்கும் குடுத்ததும் இல்ல, குடிக்கப் போறதும் இல்ல."

மெட்ரிக் அளவு தவிர வேறு அளவைப் புழங்குவது சட்டப்படி குற்றம். பழைய அளவில் நிறுத்துக் கொடுத்ததற்காக எத்தனை பேர் மேல் நானே வழக்கு எழுதியிருக்கிறேன். அப்படிப்பட்டவன், மணி ஏழரைக்குக் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கிரெயின் என்பது 64.79891 மில்லிகிராம்.

"நீர் இறங்குத மாத்திரை, புள்ளி ஆறு ஒண்ணு ஏழு கிரெயின் மாமா."

"மூணுல ரெண்டு கிரெயின்னு சொல்லுங்க. அப்புறம்?"

"இதயத்துக்குள்ளது கால் மில்லிகிராம். அதாவது ஒரு கிரெயின இருநூத்து அம்பத்தொம்போதாப் பிரிச்சு, அதுல ஒண்ணு."

"இருநூத்து நாப்பதுல ஒண்ணு."

"இல்ல மாமா, இருநூத்து அம்பத்தொம்போது. கால்குலேட்டர் சொல்லுது."

"கால்குலேட்டர் எந்த ஆஸ்பத்திரியில வேலை பாத்துது? கம்பவுண்டருக்கு ஒரு கிரெயின்னா அறுவது மில்லிகிராம். அறுவத்தஞ்சுன்னு வச்சா மனக்கணக்கு ஓடாது. நீங்க சொல்லுதது தங்கம் நிறுக்கவன் கணக்கு."

துல்லியம் இல்லாத ஓர் அளவை வைத்துக்கொண்டு என்னிடமே வாதாடுகிறாரே என்ற கடுப்பில் இருந்தேன். இருபது நிமிஷம் வாதாடினோம். எட்டு மணிக்கு மாத்திரைகள் உள்ளே போயின. 61.2.

ஜூலை 8, புதன்

இன்று உப்பு. ஒரு நாளைக்கு இரண்டு கிராம்தான் சேர்க்கலாம். அதாவது ஏறக்குறைய முப்பது கிரெயின். இருபது கிரெயின் ஒரு ஸ்குரூபிள், மூன்று ஸ்குரூபிள் ஒரு டிராம், எட்டு டிராம் ஒரு அவுன்ஸ். ஆக, அரை டிராம். மாமா குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். உள்ளே ஒரு சின்னக் கைத்தராசு, பித்தளையில் கிரெயின் கற்கள், டிராம் கற்கள். ஒன்றிலும் முத்திரை கிடையாது. பதினோரு வருஷமாக ஒரு முத்திரை ஆய்வாளர் வீட்டிலேயே சட்டவிரோதக் கற்கள் இருந்திருக்கின்றன.

"கேஸ் எழுதப் போறியளா?" என்று கேட்டார்.

"வாரண்ட் இல்லாமப் பாத்துட்டேன். செல்லாது" என்றேன்.

சிரித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

உப்பை அவர் நிறுக்க, நான் வாசிக்க வேண்டுமாம். "நிறுக்கவன் வாசிக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில அது சட்டம். ஒத்தையாளு கண்ணுக்கு அவன் நினைச்ச நம்பர்தான் தெரியும். அதனால ரெண்டு ஆளு." ஆகவே பெரிய தராசிலும் அப்படியே. அவர் ஏறினால் நான் வாசிக்கிறேன்.

மாமா 61.1. நீர் ஒரு லிட்டர், முப்பத்தைந்து அவுன்ஸ். அவுன்ஸ் கிளாஸில் எண்ணி எண்ணிக் குடிக்கிறார்.

ஜூலை 9, வியாழன்

தராசைத் தினமும் ஒரு தெரிந்த எடை வைத்துச் சரிபார்க்காமல் நம்பக் கூடாது. அலுவலகப் படிக்கற்கள் வருஷாந்திரச் சோதனைக்காக மதுரைக்குப் போய்விட்டன. மாதக் கடைசியில்தான் திரும்பும். பரவாயில்லை, என்னிடம் வேறு வழி இருக்கிறது.

மண்டிகளில் நான் செய்யும் தந்திரம் இது. ஜீப்பிலிருந்து இருபது கிலோக் கற்களை இறக்குவதற்கு முன் நானே தராசில் ஏறி நிற்பேன். முள் 68 காட்டினால் தராசு ஏறக்குறைய யோக்கியம். இருபது வருஷமாக நான் 68 கிலோ, கூடியதும் இல்லை குறைந்ததும் இல்லை. கடையநல்லூர் மண்டியில் எனக்கு "அறுபத்தெட்டு" என்றே பேர்.

இன்று ஏறினேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தண்டில் குண்டை நகர்த்தி வாசித்தார். "அறுவத்தேழு ரெண்டு." மண்டியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பூட்ஸோடு ஏறுவேன். இங்கே வெறுங்கால், வெறும் வயிறு. எண்ணூறு கிராம் அதற்குச் சரியாகப் போய்விடும். ஆகவே இந்தத் தராசில் தெரிந்த எடை 67.2.

மாமா 61.1.

ஜூலை 11, சனி

மாமா 61.0. நான் 66.9. சாரல். துணி காயவில்லை.

ஜூலை 12, ஞாயிறு

லீவு என்பதால் காலை மாத்திரைக் கணக்கு பத்தரை வரை நீண்டது. மாமா எதை எடுத்தாலும் கணக்குக் கேட்கிறார். தக்காளி அரைக் கிலோ எத்தனை அவுன்ஸ், எதிர்வீட்டுக் குழந்தைக்கு டாக்டர் எழுதிய டானிக் அஞ்சு மில்லி எத்தனை டிராம். நேற்று வரை போஸ்ட் கார்டு அளவு பேசியவர் இப்போது இன்லாண்ட் லெட்டர் அளவு பேசுகிறார்.

பிறகு சொன்னார். "உலகு பொறக்கும்போது ஆறே கால் பவுண்டு. டிஸ்பென்சரித் தராசுலதான் நிறுத்தேன், நர்ஸம்மா வாசிச்சாவ. அது எத்தன கிலோ, மாப்ள?"

இரண்டு கிலோ எண்ணூற்று முப்பத்தைந்து கிராம். சொல்லிவிட்டு மோட்டார் போட வேண்டுமென்று எழுந்து போனேன். தொட்டி நிறைந்துதான் இருந்தது.

உப்பில்லாத இட்லி இறங்கவில்லை என்கிறார். நானும் கூட உட்கார்ந்து உப்பில்லாமல் தின்றால் தானும் தின்பாராம். ஆபீஸ் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு மட்டும் செய்துவைக்கிறேன். மாமா 61.1.

ஜூலை 14, செவ்வாய்

மாமா 61.0. நான் 66.5. தராசு மெதுவாகக் குறைத்துக் காட்டத் தொடங்கியிருக்கிறது என்று சந்தேகம். வெல்லமண்டிச் சரக்கு, வெல்லம் எங்காவது ஒட்டியிருக்கலாம். கத்திமுனைகளைத் துடைத்து எண்ணெய் விட்டேன்.

டோபி சட்டைகளைப் பாழாக்கிவிட்டான். எல்லாம் தொளதொளவென்று தொங்குகின்றன. அவனைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனான்.

ஜூலை 16, வியாழன்

சந்தேகமே இல்லை. மாமா வாசித்தார். "அறுவத்தாறு ஒண்ணு." வாசித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டிய?"

"மெஸ்ல தோசை மாமா. இப்ப அத விடுங்க, தராசு கொறைச்சுக் காட்டுது" என்றேன்.

தெரிந்த எடை 67.2. காட்டுவது 66.1. தராசின் பிழை 1.1 கிலோ. துறை விதிப்படி நோட்டில் "திருத்தம்" என்று ஒரு பத்தி போட்டுக் கூட்டிக்கொண்டேன். மாமா 61.1, திருத்தத்தோடு 62.2. ஒரு கிலோ ஏறியிருக்கிறது.

டாக்டருக்குப் போன் செய்தேன். நீர் மாத்திரையை இரட்டிப்பாக்கச் சொன்னார். எண்பது மில்லிகிராம். திருத்தத்தைப் பற்றி மாமாவிடம் சொல்லவில்லை. நோயாளியைப் பயமுறுத்துவானேன்.

"ஒண்ணே மூணுல ஒரு கிரெயினா? எதுக்கு?" என்றார்.

"எடை கூடியிருக்கு மாமா."

காலை நீட்டிக் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். "வீக்கமே இல்லையே."

"தராசு சொல்லுது."

"தராசு சொன்னா சரி. முத்திரை போட்டது நீங்கல்லா" என்று விழுங்கிவிட்டார்.

ஜூலை 19, ஞாயிறு

நான் 65.6. திருத்தம் 1.6. மாமா 60.2, திருத்தத்தோடு 61.8. இரட்டிப்பு மாத்திரை போட்டும் இவ்வளவுதான் இறங்கியிருக்கிறது. டாக்டர் அதே அளவைத் தொடரச் சொன்னார். குத்தாலம் போன் செய்தபோது எடையைக் கேட்டான். பரவாயில்லை என்று மட்டும் சொன்னேன்.

பெல்ட்டில் ஒரு ஓட்டை கூடுதலாகப் போட்டேன். தோல் இழுத்துவிட்டது.

ஜூலை 22, புதன்

நான் 65.0. திருத்தம் 2.2. மாமா 59.2, திருத்தத்தோடு 61.4.

கெண்டைக்கால் இழுக்கிறது என்று மாமா அதிகாலையில் கூப்பிட்டார். தேய்த்துவிட்டேன். நாக்கு வறண்டிருந்தது. தண்ணீர் கேட்டார். கணக்குப்படி இன்னும் நாலு அவுன்ஸ்தான் பாக்கி என்றேன். "சரி மாப்ள" என்றார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கிரெயினுக்கு இருபது நிமிஷம் சண்டை போடுகிற மனுஷர்.

ஜூலை 23, வியாழன்

மாமா விழுந்துவிட்டார்.

காலையில் தராசிலிருந்து இறங்கும்போது அப்படியே சரிந்தார். 58.8 என்று அப்போதுதான் வாசித்திருந்தேன். ஓடிப் பிடித்துவிட்டேன், தலையில் அடிபடவில்லை. ஆட்டோவில் என் மடியில் படுத்துக்கொண்டு, "இன்னிக்கு நீங்க ஏறலயே, தராச யாரு சரிபாக்க" என்றார்.

டாக்டர் எஸ்தருக்கு ரத்த அழுத்தக் கருவியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "உடம்புல தண்ணியே இல்லையே சார். எடை இறங்கலைன்னுதானே சொன்னீங்க?" என்றார். ஆஸ்பத்திரித் தராசில் ஸ்ட்ரெச்சரோடு ஏற்றி, ஸ்ட்ரெச்சரைக் கழித்துப் பார்த்தார்கள். 58.8.

நோட்டைக் காட்டித் திருத்தப் பத்தியை விளக்கினேன். தெரிந்த எடை, காட்டும் எடை, வித்தியாசம், கூட்டல். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீங்க ஏறுங்க சார்" என்றார்.

ஏறினேன். 64.8.

"பாத்தீங்களா டாக்டர், உங்க மெஷினும் கொறைச்சுக் காட்டுது" என்றேன். நான் அப்படித்தான் சொன்னேன். இருபத்தெட்டு வருஷ அனுபவத்தோடு, நர்ஸுகள் முன்னால்.

டாக்டர் கோபப்படவில்லை. "ரெண்டு மெஷின். ரெண்டும் ஒரே அளவு தப்பா இருக்குமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். என் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருவது, தெரிந்த எடையை முதலில் சந்தேகப்படு என்பது. தேய்ந்த கல்லை வைத்துத் தராசைக் குற்றம் சொல்கிறவன்தான் பெரிய முட்டாள். மண்டிக்காரர்களுக்கு இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தராசு சரியாகத்தான் இருந்திருக்கிறது. தேய்ந்தது நான். நான் தேய்ந்த அளவையெல்லாம் அவர் உடம்பில் ஏற்றி, அவர் உடம்பிலிருந்த நீரை வற்றவைத்துக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

குத்தாலத்துக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான்.

ஜூலை 24, வெள்ளி

டிரிப்ஸ் ஏறுகிறது. மாமா தூங்குகிறார். பிழைத்துக்கொள்வார் என்கிறார் டாக்டர்.

ஜூலை 25, சனி

மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் காபி வாங்கப் போன நேரத்தில் டாக்டர் வந்துவிட்டுப் போயிருக்கிறார். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"உங்க மாமா என்னையே கேள்வி கேக்குறாரு சார். எண்பது மில்லிகிராம் குடுத்தா கூடவே பொட்டாசியம் எழுத வேண்டாமா, அறுநூறு மில்லிகிராமாவது குடுத்திருக்கலாமேங்குறாரு. சரியாத்தான் கேக்குறாரு. என் பக்கத்துலயும் தப்பு இருக்கு."

"மில்லிகிராம்லயா கேட்டாரு?"

"பின்ன?"

படியில் நின்று கூட்டிப் பார்த்தேன். இந்தக் கணக்குக்குக் கால்குலேட்டர் தேவையில்லை. மெட்ரிக் அளவு ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது அறுபதுகளில். மாமா ஓய்வு பெற்றது எழுபத்தெட்டில். குறைந்தது பன்னிரண்டு வருஷம் மில்லிகிராமிலேயே நிறுத்துக் கொடுத்திருக்கிறார். அறுபது மில்லிகிராம் ஒரு கிரெயின் என்று முதல் நாளே அவர் வாயால் சொன்னார். நான்தான் ஐந்து மில்லிகிராம் வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

அப்படியென்றால் தினமும் காலையில் என்னை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்னது எதற்கு என்று அவரிடம் கேட்கவில்லை. வயசானவர்களுக்குப் பொழுது போக வேண்டாமா. அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்கிறேன்.

காபியைக் கொடுத்தேன். நர்ஸ் புது மாத்திரையை வைத்துவிட்டுப் போயிருந்தார். இருபது மில்லிகிராம் என்று அட்டையில் பெரிதாக எழுதியிருந்தது.

"எவ்வளவு மாப்ள?" என்றார்.

"மூணுல ஒரு கிரெயின் மாமா."

"அப்பச் சரி" என்று போட்டுக்கொண்டார்.

ஜூலை 26, ஞாயிறு

மாமாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். குத்தாலம் காலை பஸ்ஸில் வந்து இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். என் சட்டையைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான். திட்டிவிட்டால் நன்றாக இருந்திருக்கும்.

மதியம் மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். நானே ஆரம்பித்தேன்.

"பேச்சு பேச்சுதான் குத்தாலம். மாசம் முடியறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு. அதுவும் என் தப்பால. மாமாவ நீ கூட்டிட்டுப் போ. அவிய துணிமணியெல்லாம் எடுத்து வச்சிட்டேன்."

மாமா தராசைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "யாரு எங்க போறா?" என்றார்.

"நீங்கதான்ப்பா. எங்கூட பெங்களூருக்கு. அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, நாங்க ரெண்டு பேரு இருக்கோம்."

"நான் வரல."

"அப்பா, இங்க உங்களப் பாத்துக்கிட ஆள் இல்ல. அத்தானே பாவம்."

"என்னப் பாக்கதுக்கு ஆள் வேண்டாம்ல. எனக்கு வந்திருக்குத நோய்க்கு மருந்து இருக்கு. அளவும் தெரியும்." மாமா என்னைப் பார்க்காமலே பேசினார். "ஒம்பதாம் தேதி உங்க அத்தான் அறுவத்தேழு ரெண்டு. பதிமூணு நாள்ல அறுவத்தஞ்சு. நான் வாசிச்சது, தப்பா இருக்காது. மெஸ்ல சாப்பிடுதேன்னு தினம் சொல்லுதாவ. மெஸ்ஸ மூடி ஒரு மாசமாச்சுன்னு பால்காரன் சொல்லுதான். காலையில அந்த ஒரு மணி நேரம் எங்கூட சண்ட போடும்போதுதான் மொகத்துல கொஞ்சம் களை வருது. அது முடிஞ்சா பொம்மை மாதிரி போயி உக்காந்துக்கிடுதாவ. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுப் பாத்திருக்கியா நீ?"

மாமா தன் மகன் பக்கம் திரும்பினார்.

"உலகு இருந்தா மாப்ளய அவகிட்ட விட்டுட்டு இப்பவே உங்கூட வருவேன். இப்ப யாருகிட்ட விட்டுட்டு வரச் சொல்லுத?"

அதற்கு மேல் நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். ஐம்பது வயதுக்காரன், அரசாங்க அதிகாரி, மாமனாரின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். உலகு உலகு என்று அழுதேன். அவள் போய் நாற்பத்தேழு நாள் ஆகிறது. அவள் இல்லாமல் எனக்கு இந்த வீட்டில் சோறு இறங்கவில்லை, அதுதான் உண்மை. டோபி மேலும் தப்பில்லை, பெல்ட் மேலும் தப்பில்லை. மாமா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அவரும் அழுதார் என்பது என் பிடரி நனைந்தபோதுதான் தெரிந்தது.

குத்தாலம் எழுந்து அடுக்களைக்குப் போய் ரசம் வைத்தான். உப்பில்லாத ரசம், மூன்று பேருக்கும். சகிக்கவில்லை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 27, திங்கள்

மாமா 59.6. திருத்தம் இல்லை. நான் 64.9.

இருநூற்று நாற்பதா இருநூற்று ஐம்பத்தொன்பதா என்ற வழக்கு இன்று மறுபடி வந்தது. குத்தாலம் நடுவர். அவன் கம்ப்யூட்டர் படித்தவன், என் பக்கம் தீர்ப்புச் சொன்னான். மாமா அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை.

சாயங்காலம் குத்தாலம் தனியாகக் கிளம்பினான். பையை ஆட்டோவில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். என்னிடம்தான் ஏதோ சொல்லப் போகிறான், அப்பாவை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளச் சொல்வான் என்று வாசலிலேயே நின்றேன். அவன் என்னைத் தாண்டி உள்ளே போனான். நாற்காலியில் சாய்ந்திருந்த மாமாவின் பக்கத்தில் குனிந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான நல்லாப் பாத்துக்கிடுங்கப்பா" என்றான்.

மாமா தலையை ஆட்டினார். நான் அடுக்களைக்குப் போய், இரண்டு பேருக்கு உலை வைத்தேன்.